காய்ச்சல் வராத வீடுகள்

கோழி ஒன்று செத்துவிட்டது என்று அத்தியப்பன் போனில் சொன்னபோது கோகிலவாணிக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

"எந்தக் கொட்டகைண்ணா?"

"ஏழுங்க டாக்டரம்மா. நம்ம பச்சைக் கொட்டகை. நானே நம்பலீங்க. ரெண்டு தடவை தட்டி எழுப்பிப் பார்த்தேன்."

"செத்த கோழியையா?"

"தூங்குதோ என்னமோன்னுதானுங்க. இந்தக் கொட்டகையில செத்ததைப் பார்த்தே நாளாச்சுங்களே. எப்பிடி இருக்கும்னே மறந்து போச்சு."

அவள் சிரித்தாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்தாள்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் விடிந்ததும் நடக்கும் முதல் வேலை செத்ததைப் பொறுக்குவது. பத்தாயிரம் கோழி இருக்கும் கொட்டகையில் தினம் மூன்று நான்கு சாகும். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. செத்ததைப் பையில் போட்டுக்கொண்டு கோழி டாக்டரிடம் வருவார்கள். டாக்டர் அறுத்துப் பார்ப்பார். செத்த கோழியின் ஈரலைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கும் மற்றவற்றின் கதி தெரியும். பதினெட்டு வருடமாகக் கோகிலவாணி அந்த மேசையின் முன்னால்தான் நின்றிருக்கிறாள். அந்த வேலைக்கு வந்த முதல் வருடமே முட்டை வாசனை அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. இன்றுவரை ஒரு வாய் தின்றதில்லை.

ஏழாம் கொட்டகையில் நாற்பத்தொரு நாளாக ஒரு கோழியும் சாகவில்லை. முதல் இரண்டு வாரம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் குறைந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே உயிரோடு இருப்பவற்றைப் பற்றிச் சொல்ல யாரும் அந்த மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் வெயில் நாற்பத்தாறைத் தொட்டது. மற்ற ஆறு கொட்டகைகளிலும் மத்தியானமானால் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, இளைக்கும். அறுபதாயிரம் கோழி இளைக்கும் சத்தம் ரோட்டிலிருந்தே கேட்கும். ஏழாவதில் சத்தமே இல்லை. அலகை மூடிக்கொண்டு, வரிசை வரிசையாக, வருகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆள் உள்ளே போனாலும் ஒதுங்காது. "ஏசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்ட வெளியூர்ப் பண்ணைக்காரர்கள் உண்டு. தீவனத்தில் கலக்கிற பச்சைப்பொடிதான் காரணம் என்றால் நம்பமாட்டார்கள்.

பொடி அவள் செய்தது. முருங்கை இலை, நெல்லிச் சக்கை, திராட்சைத் தோல் மூன்றையும், மரபணு திருத்திய ஓர் ஈஸ்டில் இருபது நாள் புளிக்கவைத்துக் காயவைப்பது. இரண்டு வருடமாக அந்த ஒரு கொட்டகையில் மட்டும் சோதனை. வரும் ஆடியிலிருந்து பண்ணை முதலாளியின் தீவன மில்லில் அரைக்கும் எல்லாத் தீவனத்திலும் கலப்பதாக ஏற்பாடு. சாக்குகள்கூட அச்சாகி வந்துவிட்டன.

பண்ணைக்குப் போனதும் அவள் கோழியை மல்லாக்கப் போட்டுக் கத்தியை வைத்தாள். கறி நல்ல நிறம். கொழுப்பு நல்ல நிறம். கருப்பையில் ஓடு கட்டிய முட்டை ஒன்று, இன்றைக்கு வந்திருக்க வேண்டியது. பிறகு ஈரலைத் திறந்தாள்.

அத்தியப்பன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பண்ணையில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதர்.

ஈரல் என்று ஒன்று அங்கே இல்லை. ஈரலின் வடிவத்தில் மஞ்சள் கட்டிகள் இருந்தன. கடலைப்பருப்பு அளவில், நெல்லிக்காய் அளவில், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. மண்ணீரலிலும் அப்படியே. முதுகெலும்பின் ஓரமாகவும்.

"இது எத்தனை நாளா இருக்குதுங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"நேத்து முட்டை வெச்சுதுங்களே. தீனி மிச்சம் வெக்கலீங்களே."

அவள் கையுறையை மாற்றினாள். "இருக்கறதுலயே நல்ல கோழியா மூணு புடிச்சிட்டு வாங்கண்ணா. கொண்டை செவசெவன்னு இருக்கணும்."

மூன்றும் கொண்டுவந்தார். கையில் பிடித்தபோது அவை படபடக்கவில்லை. மூன்றையும் அறுத்தாள். மூன்றிலும் அதே கட்டிகள்.

வெளியே தீவன வண்டி வந்து நின்று, மூட்டை இறக்கிவிட்டுப் போகும்வரை அவள் நான்கு ஈரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, ஏதாச்சும் பேசுங்க. இது என்ன நோவுங்க?"

"வெயில்ல கோழி உடம்புக்குள்ள என்ன ஆகும்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"துருப்பிடிக்கும்னீங்க. மூச்சு விடற காத்தே உள்ளாற போய் அரிக்கும்னு. பச்சை போட்டா துரு ஏறாதுன்னீங்க."

"எந்த நெருப்பு அந்தத் துருவை உண்டாக்குதோ, அதேதான் கிருமியையும் எரிக்குது. ரத்தத்துல இருக்கற வெள்ளணு கிருமியை முழுங்கும். முழுங்கினா மட்டும் கிருமி சாகாது. உள்ளே வச்சுப் பொசுக்கணும். வெறும் முருங்கையும் நெல்லியும் தின்னா அந்த நெருப்பு கொஞ்சம் அடங்கும், அதுல தப்பில்லை. நான் செஞ்சது அதை அடியோட அணைச்சிடுச்சு."

"அப்ப முழுங்குன கிருமி?"

"உள்ளேயே குடும்பம் நடத்துது. காய்ச்சல், வீக்கம், வலி எல்லாமே அந்த நெருப்பு எரியறதோட அடையாளம்ணா. அது இல்லாததால நோவு வந்ததே கோழிக்குத் தெரியலை. நமக்கும் தெரியலை."

அத்தியப்பன் அறுத்துப்போட்ட கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கப்போவது என்ன என்று அவளுக்கு முன்பே தெரிந்தது. கேட்காமல் இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தாள்.

"கீறல் முட்டைங்க," என்றார்.

கீறல் விழுந்த முட்டை சந்தைக்குப் போகாது. எந்தப் பண்ணையிலும் அது அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான். நல்ல முட்டைகள் மற்றக் கொட்டகைகளின் முட்டையோடு கலந்து ஊர் ஊராகப் போய்விடும், யாருக்கு எப்போது ஒன்று கிடைத்ததோ தெரியாது. ஏழாம் கொட்டகையின் கீறல் முட்டையை மட்டும் பண்ணைக்குள்ளேயே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இருபத்து மூன்று குடும்பம். இரண்டு வருடமாக, தினமும். பொடியின் சத்து மஞ்சள் கருவில் போய்த் தங்கும், வேகவைத்தாலும் போகாது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். அதைப் பெருமையாகத்தான் எழுதியிருந்தாள்.

"லைன் வீட்டுல ரெண்டு வருசமா ஒருத்தருங்கூடக் காய்ச்சல்னு படுத்ததில்லீங்க," என்றார் அத்தியப்பன். இதே வார்த்தையைப் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இப்போது ஒவ்வொரு சொல்லாக, தரையைப் பார்த்துச் சொன்னார். "ருக்குமணிக்குப் பங்குனில கால்ல ஆணி ஏறுச்சு. வீங்கக்கூட இல்லை."

ருக்குமணி அவர் மனைவி. முட்டை பொறுக்கும் தள்ளுவண்டியோடு நின்றவளைக் கூப்பிட்டார்கள்.

"என்ற காலைப் பார்க்கோணுங்களா? நல்லாப் பாருங்க டாக்டரம்மா. இந்த மனுசன் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒருக்காக்கூடப் பார்த்ததில்லை."

"வெட்டிப் பேச்சுப் பேசாம காலை நீட்டு," என்றார் அத்தியப்பன்.

உள்ளங்காலில் ஓட்டை அப்படியே இருந்தது. ஆணி ஏறி ஒரு மாதத்துக்கு மேல். பொருக்குத் தட்டவில்லை, சிவக்கவில்லை, ஓரம் வெளுத்து, ஒரு தீக்குச்சி நுழைகிற அளவுக்குச் சுத்தமான ஓட்டை. கோகிலவாணி ஓரத்தை அழுத்தினாள். தயிர் போல ஏதோ நூலாக வெளியே வந்தது. ருக்குமணி அதைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"வலிக்கலையாக்கா?"

"இல்லீங்களே. பச்சைக் கொட்டகை முட்டைப் பலம்."

அத்தியப்பன் திரும்பிக் கோகிலவாணியைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்திருந்தது. சனிக்கிழமை தவறாமல் ஓர் அட்டை கீறல் முட்டையை டாக்டரம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர் அவர்தான். பாப்பாவுக்கு.

நிவேதிகாவுக்கு ஒன்பது வயது. கணவர் ஓசூரில் வேலை; மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் தாயும் மகளும் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு முட்டை, சில நாள் இரண்டு. இரண்டு வருடமாகச் சளியில்லை, காய்ச்சலில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

தை மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்துக்கொண்ட முழங்காலைக் கோகிலவாணி அன்று விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தோல் மூடியிருந்தது. ஆனால் தழும்பில்லை, நெருப்பு எரிந்த அடையாளமே இல்லை.

"எனக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு என் முட்டியையே முறைக்கறே? கோழியைப் பார்க்கற மாதிரி பார்க்காதே."

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் மூன்று சிறு புள்ளிகள். டாக்டர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். பொடி, முட்டை, வெள்ளணு என்று அவள் சொன்ன அத்தனையையும் கேட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"இவ்வளவு சுத்தமான ரத்தத்தை நான் பார்த்ததே இல்லைங்க. உடம்புல எங்கேயாவது கிருமி இருந்தா அழற்சி காட்டணும். துளி இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நல்லாச் சாப்பிடறா. அந்தப் புள்ளிகள் பிறவியிலேயே இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"அழற்சி காட்டாதுங்கறதுதான் டாக்டர் நான் சொல்றதே."

"நீங்க தினமும் அறுத்துப் பார்க்கறீங்க. அதனால அப்படித் தோணுது," என்று சிரித்தார். மோசமான மனிதர் இல்லை. அவரிடம் அவள் காட்டுவதற்கு ஒரு பிணம் இல்லை, அவ்வளவுதான்.

மில் முதலாளி கோழி ஈரலின் படத்தைப் பார்த்ததும் மறுபேச்சு பேசாமல் ஆடி ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னார். ஏழாம் கொட்டகை முட்டையை வெளியே அனுப்புவதும் நின்றது. அவருக்குக் கோழி தெரியும். மனிதர்களைப் பற்றி அவள் சொன்னபோது, "அது மனுச டாக்டர் பார்த்துக்குவாங்கம்மா," என்று எழுந்துகொண்டார்.

அதன் பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவள் இறங்கினாள். ஒரு வரிசையில் அறுபது கோழிக்குப் பொடியை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த வரிசையிலிருந்து சத்தம் கேட்டது. இளைப்பு. இரண்டு கோடையாக அந்தக் கொட்டகையில் கேட்காத சத்தம். அத்தியப்பன் ஓடிவந்து, "உசுரு வந்துருச்சுங்க டாக்டரம்மா!" என்றார். நான்காம் நாள் கோழிகள் தலையைத் தொங்கப்போட்டன. தொட்டால் கை சுட்டது. எரிக்காமல் விட்ட அத்தனையையும் உடம்பு ஒரேயடியாக எரிக்கத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் நாள் காலை அத்தியப்பன் இருபத்திரண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். மீதி முப்பத்தெட்டில் பத்தை அவள் அறுத்துப் பார்த்தாள். ஈரலில் தழும்பு மட்டும். கட்டிகள் கரைந்திருந்தன.

இன்னொரு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தாள். இருபத்தொன்று செத்தது. மூன்றாவதில் கிருமிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே நிறுத்திப் பார்த்தாள். இருபத்து மூன்று. மருந்து கிருமியின் வேகத்தைத்தான் தடுத்தது. எரிக்கிற வேலை உடம்புடையது. எப்படிச் செய்தாலும் மூன்றில் ஒன்று. நிறுத்தாமல் விட்ட வரிசைகளில் கட்டிகள் வாரத்துக்கு வாரம் பெருத்தன. அவற்றில் ஒன்றும் தப்பாது. ஆனால் கோழியின் இரண்டு மாதம் ஒரு குழந்தைக்கு எத்தனை வருடம்? இரண்டா, பத்தா? பத்து வருடத்தில் ஒரு வழி கிடைக்காதா? தன் உடம்பில் சோதித்துப் பார்க்கவும் முடியாது. அந்த வீட்டில் முட்டை தின்னாதவள் அவள் ஒருத்திதான்.

லைன் வீட்டுக்காரர்களிடம் சொல்லத்தான் வேண்டும். அத்தியப்பனிடம் சொன்னாள். அவருக்கு எண்ணிக்கை சொல்லவேண்டியதில்லை. மூன்று வரிசையிலும் செத்ததைச் சுமந்தவர் அவர். முட்டையை நிறுத்தினால் காய்ச்சல் வரும், வந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும், தாங்குகிறவர்கள் சுத்தமாகிவிடுவார்கள் என்று சொன்னாள். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். அவர் வெகுநேரம் தீவனத்தொட்டியின் விளிம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"பாப்பாவுக்கு நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

அவள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பு முழுக்கப் போன பிறகும் கழுவினாள்.

"நிறுத்திட்டேன்."

அவர் மூச்சை விட்டார். "அப்பச் சரிங்க. உங்க புள்ளைக்கே நிறுத்திட்டீங்கன்னா எங்களுக்கு அதுக்கு மேல என்ன யோசனை இருக்குது? இன்னைக்கே லைன்ல சொல்லிப்போடறேன்."

வீட்டுக்குப் போகிற வழியில், அவர்கள் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. அவர்கள் நிறுத்தியே ஆகவேண்டும். தயங்கிக்கொண்டே இருந்தால் கட்டி பெருக்கும். ஆனால் பைபாஸ் ரோட்டில், சிக்னலில் நின்றபோது, மனசு தானாக இன்னொரு கணக்கைப் போட்டது. இருபத்து மூன்று குடும்பம். எழுபது பேர் இருப்பார்கள். ஒரு வரிசைக்குக் கொஞ்சம் அதிகம். மனிதர்களில் எத்தனை பேர் தாங்குவார்கள் என்று அதில் தெரிந்துவிடும். பச்சை விளக்கு விழுந்தும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான்.

ஃபிரிட்ஜில் பழைய கீறல் முட்டை பதினேழு இருந்தது.

நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று தினமும் காலையில் நினைத்தாள். தினமும் ஒரு முட்டையை வேகவைத்தாள். அடுப்பில் அது கொதித்து ஓட்டோடு முட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். ஒருநாள் எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு குனிந்து எடுத்து, கழுவி, மகள் தட்டில் வைத்தாள்.

பண்ணையில் அத்தியப்பன் தினமும் கேட்டார். "பாப்பாவுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?" "இன்னும் இல்லைண்ணா." "எங்களுக்கும் ஒண்ணும் காணோம். வரும் வரும்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கறோம். காய்ச்சலுக்குக் காத்துக்கிட்டு இருக்கற ஊரு நாங்களாத்தான் இருப்போம்." சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ருக்குமணி மாரியம்மன் கோயிலில் திருநீறு வாங்கி, ஒரு பொட்டலம் டாக்டரம்மா மகளுக்கும் கொடுத்துவிட்டிருந்தாள். அதைக் கைப்பையில் வைத்தவள் வெளியே எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வந்துருச்சுங்க டாக்டரம்மா." அத்தியப்பனின் குரல் உடைந்திருந்தது. அழுகையா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. "ருக்குமணிக்கு விடியால இருந்து காய்ச்சல். நூத்தி ரெண்டு. கால் பூசணிக்காயாட்டம் வீங்கிப் போச்சு. வலிக்குது வலிக்குதுன்னு கத்தறா. அவ வலிக்குதுன்னு சொல்லி ரெண்டு வருசமாச்சுங்க."

"சேர்த்துட்டீங்களா?"

"பெரியாஸ்பத்திரில சேர்த்தாச்சு. இங்கதான் வராந்தால நிக்கறேன். லைன்ல இன்னும் பதினோரு பேருக்கு வந்திருக்குது. கடைசி வீட்டுப் பழனாத்தா மட்டும்..." நிறுத்தினார். "அது வயசான உசுருங்க. தாங்கலை."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"பாப்பாவுக்கு வந்துருச்சுங்களா?"

நிவேதிகா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஓடு முழுசாக வரவேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக.

"வந்துருச்சு," என்றாள் கோகிலவாணி.

"எத்தனைங்க?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "நூத்தி ரெண்டு."

"பாருங்களே, ஒரே மாதிரி!" என்றார் அவர். அந்த ஒற்றுமை அவருக்கு ஏதோ தெம்பைக் கொடுத்தது தெரிந்தது. "தைரியமா இருங்க டாக்டரம்மா. சின்ன உடம்பு, தாங்கிக்கும். ருக்குமணி அந்த வலியிலயும் பாப்பாவைத்தான் கேக்கறா. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருக்கறேன்."

"அண்ணா, மணிக்கு ஒருக்கா எனக்குச் சொல்லுங்க. காய்ச்சல் எத்தனைன்னு. எல்லாருக்கும்."

"சொல்றனுங்க. சொந்தப் புள்ளை அப்பிடிக் கெடக்கறப்பவும் எங்களை நெனைக்கறீங்களே." போனை வைத்துவிட்டார்.

"யாருக்கும்மா காய்ச்சல்?" என்று கேட்டாள் நிவேதிகா, வாயில் மஞ்சள் கருவோடு.

கோகிலவாணி வந்து மகளின் நெற்றியில் கையை வைத்தாள். நெற்றி சில்லென்று இருந்தது. கையை எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.